உயிலில் மூத்த மகன் எங்கே?

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் உயிலும் அதற்குக் கோர்ட் கொடுத்த புரொபேட்டும் (உயில் செல்லும் என்ற சான்று) கிடைத்தன. மூத்த மகன் பெயரே அதில் இல்லை. அவரை ஒதுக்கிவிட்டார் என்று குடும்ப வரலாற்றில் எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மூத்தவருக்குப் பங்கை முன்பே பிரித்துக் கொடுத்திருக்கலாம், அவர் தகப்பனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். 'காலமான என் மகனின் பிள்ளைகளுக்கு' என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா, பின்னால் பிற்சேர்க்கை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். உயில் எழுதிய தேதிக்கும் புரொபேட் தேதிக்கும் நடுவில்தான் கொள்ளுத்தாத்தா இறந்திருக்கிறார், ஆகவே இறப்புப் பதிவைத் தேட வேண்டிய காலம் எவ்வளவோ குறைந்துவிடும். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரோ சம்பந்தியோ அங்கே அகப்படுவார். மகள்கள் கணவர் பெயரோடு வந்தால் இன்னொரு கிளைக்கே வழி கிடைத்த மாதிரி.

உறவுச் சொற்கள்தான் பெரிய வம்பு. பழைய ஆங்கில உயில்களில் 'கசின்' என்பது அண்ணன் மகனாகக்கூட இருக்கலாம், 'சன்-இன்-லா' என்பவர் மருமகனாக இல்லாமல் மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த பிள்ளையாக இருப்பதும் உண்டு.

அப்புறம், உயிலே எழுதாமல் இறந்தவர்களின் சொத்தை நிர்வகிக்க, நிர்வாகப் பத்திரம் என்று தனியாக ஒன்றைக் கோர்ட் கொடுத்திருக்கும், அதையும் கேளுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கிளை ஏதாவது இருந்தால் 1858 ஜனவரி 12-க்கு முந்தையவை சர்ச் நீதிமன்றப் பதிவுகளில்தான் இருக்கும். அங்கே கல்யாணமான பெண்களின் சொத்துரிமை பற்றிய 1882 சட்டத்துக்கு முன்பு கல்யாணமான பெண்கள் பொதுவாகக் கணவர் சம்மதமின்றி உயில் எழுத முடியாது, அதனால் கணவருக்கு முன்பே இறந்த பாட்டிகளின் உயில் கிடைக்கவில்லையே என்று அலைய வேண்டாம்.