ஆன்லைனில் எதை விற்றால் கையில் காசு நிற்கும்? – கேள்வி பதில்

ஈரோட்டில் துண்டும் போர்வையும் வாங்கி ஆன்லைனில் விற்பது என் தொழில். புதிதாகக் கடை தொடங்க நினைப்பவர்கள் "எந்தச் சரக்கை எடுப்பது?" என்று கேட்டு அனுப்பியவற்றில், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சேலத்திலிருந்து: அக்கா, கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது. அதிக லாபம் தரும் பொருள் எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள், போதும்.

ஒன்றைச் சொன்னால் இதைப் படிக்கிற அத்தனை பேரும் நாளைக்கு அதையே எடுப்பீர்கள் தம்பி. பொருளை விடுங்கள், ஒரு பார்சலின் கணக்கைப் பார்ப்போம். விற்கும் விலை 499 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் 200, கவரும் லேபிளும் 15, கூரியர் 65, பணம் வசூலித்துத் தரும் கட்டணம் 12, அந்த ஆர்டரைப் பிடிக்க விளம்பரத்துக்கு 100. மிச்சம் 107 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

இந்த இடத்தில்தான் பலர் "இருபது சதவீதத்துக்கு மேல் மார்ஜின்" என்று சரக்கெடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் பத்துப் பார்சலுக்கு இரண்டு திரும்பி வந்தால்? ஒவ்வொன்றுக்கும் போக வர கூரியர் 130, விளம்பரம் 100, கவர் 15, ஆக 245 ரூபாய் போச்சு. எட்டுப் பார்சலில் கிடைத்த 856 ரூபாயில் 490 கழிந்து 366தான் நிற்கும். பார்சலுக்கு 37 ரூபாய்கூட இல்லை.

அதே ஆள் இரண்டாம் தடவை தானாகத் தேடி வந்து வாங்கினால் விளம்பரச் செலவே கிடையாது. 107 என்பது 207 ஆகிவிடும். தெரிந்த கடை என்பதால் பார்சலை வேண்டாம் என்று திருப்புவதும் குறையும். அதனால் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்களிடம் ஒரு தடவை வாங்கியவர் இன்னும் மூன்று மாதத்தில் எதற்காகத் திரும்பி வருவார்? இதற்குப் பதில் இருக்கிற எந்தப் பொருளும் பரவாயில்லை.

பவானியிலிருந்து: எங்கள் ஊர் ஜமக்காளத்தை ஆன்லைனில் விற்கலாமா மேடம்?

விற்கலாம். புவிசார் குறியீடு பெற்ற பொருள், பெயரைச் சொன்னாலே தெரியும். ஆனால் மேலே சொன்ன கேள்வியில் ஜமக்காளம் மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் ஒன்று வாங்கினால் அது வருடக்கணக்கில் உழைக்கும், அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தது கூரியர். அவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குக் காசு. 60, 30, 20 அளவுள்ள பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே இருப்பது மூன்று கிலோதான் என்று நீங்கள் வாதாடிப் பிரயோஜனம் இல்லை. இறுக்கி மடித்து, சாக்கில் வைத்துத் தைத்துப் பாருங்கள், கட்டணம் குறையும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வீடுகளை விட்டுவிட்டு யோகா வகுப்புகள், பள்ளிகள், மண்டபங்களைப் பிடிப்பேன். அவர்கள் ஒன்று இரண்டு வாங்க மாட்டார்கள், கட்டாக வாங்குவார்கள். கிழிந்தால் திரும்பவும் வருவார்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்று, அதாவது விசைத்தறியில் நெய்யக் கூடாது. இருந்தாலும் விசைத்தறிச் சரக்கு பாதி விலையில் வந்து நிற்கும். விலையில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. உங்களுடையது கைத்தறி என்பது தெரியும்படி, தறியில் நெய்வதை அப்படியே வீடியோ எடுத்துப் போடுங்கள், கரையையும் முடிச்சையும் கிட்டத்தில் காட்டுங்கள்.

கோவையிலிருந்து: குழந்தைகளுக்கான மரப் பொம்மை. போட்டி குறைவு என்று தோன்றுகிறது, சரிதானே?

போட்டி ஏன் குறைவு என்றும் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும், புவிசார் குறியீடு பதிவுள்ள பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்களோ, அவர் இதில் எந்தப் பக்கம் என்பதைக் காகிதத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

மதுரையிலிருந்து: வீட்டிலேயே மூலிகை சோப்பு செய்கிறேன் அக்கா. தெரிந்தவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள்.

திரும்பத் திரும்ப வாங்கும் பொருள், எடை குறைவு, உடையாது. கணக்குப்படி அருமை. ஆனால் குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். தயாரித்து விற்க உரிமம் வேண்டும். வீட்டு அடுப்படியில் அது கிடைப்பது கஷ்டம். உரிமம் உள்ள யூனிட்டில் உங்கள் பக்குவத்தில் செய்து வாங்கி உங்கள் பெயரில் விற்க வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். தெரிந்தவர்கள் பாராட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். காசு கொடுத்து இரண்டாவது சோப்பு வாங்கினார்களா?

திருச்செந்தூரிலிருந்து: பனங்கருப்பட்டி விற்க ஆசை. "இயற்கை உணவுப் பொருட்கள்" என்று பொதுவாகத் தொடங்கவா, கருப்பட்டி மட்டும் போதுமா?

கருப்பட்டி மட்டும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தேன், செக்கு எண்ணெய், சிறுதானியம் என்று எல்லாவற்றையும் அடுக்கினால் போட்ட பணமெல்லாம் அலமாரியில் உட்கார்ந்துவிடும். கருப்பட்டி வாங்குகிறவருக்கு இருக்கிற பெரிய பயம், சீனி கலந்ததோ என்பது. அந்தப் பயத்தைத் தீர்க்கிற கடைக்கு இரண்டு காசு அதிகம் தரவும் ஆள் இருக்கிறது. நீங்கள் உடன்குடிப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், பதநீர் காய்ச்சுகிற இடத்துக்கே போய் வாங்கலாம். சென்னையில் உட்கார்ந்து விற்கிறவருக்கு அந்த வசதி இல்லை.

கவனிக்க வேண்டியது, சீசனில் வாங்கி வருடம் முழுக்க வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசியும். காற்றுப் புகாத கவர் அவசியம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், நிகர எடை, தயாரித்த தேதி லேபிளில் இருக்க வேண்டும். அப்புறம், "சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதுவும் சர்க்கரைதான்.

சுக்குக் கருப்பட்டியும் சில்லுக் கருப்பட்டியும் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம். வாங்குகிற ஆள் அதேதான்.

சென்னையிலிருந்து: ஒரு பொருளுக்குத் தேவை இருக்கிறதா என்று காசு செலவழிக்காமல் எப்படிப் பார்ப்பது?

எந்தச் சொல்லை மக்கள் எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தட்டிப் பாருங்கள். அதில் வரும் 100 என்பது நூறு பேர் தேடினார்கள் என்று அர்த்தமில்லை. அந்தக் காலகட்டத்தின் உச்சம், அவ்வளவுதான். தீபாவளிக்கு மட்டும் ஏறி இறங்குகிறதா, வருடம் முழுக்க ஓடுகிறதா என்பது தெரிந்தால் போதும். பிறகு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை யாரும் பார்க்கக்கூடிய மெட்டா விளம்பர நூலகத்தைத் திறந்து, அந்தப் பொருளுக்கு ஓடும் விளம்பரங்கள் எந்தத் தேதியில் தொடங்கின என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஒருவர் காசு கொட்டுகிறார் என்றால் பெரும்பாலும் அவருக்கு அது திரும்ப வருகிறது. கடைசியாக, அமேசானில் மூன்று நட்சத்திர விமர்சனங்கள். ஒரு நட்சத்திரக்காரர் கோபத்தில் எழுதுவார், ஐந்து நட்சத்திரக்காரர் ஒற்றை வரியில் முடிப்பார். மூன்று போட்டவர்தான் "துணி நல்லா இருக்கு, நீளம் பத்தவில்லை" என்று காரணத்தோடு எழுதுவார்.

தஞ்சாவூரிலிருந்து: பொருளே வேண்டாம். தமிழில் பங்குச் சந்தை பற்றி யூடியூப் சேனல்?

"இந்தப் பங்கை வாங்குங்கள்" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்ல, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு வேண்டும். பதிவு இல்லாவிட்டால் வேறு தலைப்பு எடுங்கள்.

திருப்பூரிலிருந்து: ஜி.எஸ்.டி. எடுத்த பிறகுதான் தொடங்க வேண்டுமா?

சரக்கு விற்பனை வருடத்துக்கு 40 லட்சத்துக்குள், தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் கட்டாயமில்லை. 2023 அக்டோபர் 1 முதல் அமேசான் மாதிரி தளங்கள் வழியாகவும் இப்படி விற்கலாம், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களுக்குத் தரும் ஒரு எண்ணை (என்ரோல்மென்ட் நம்பர்) மட்டும் வாங்க வேண்டும். பெங்களூருக்கு ஒரு பனியன் அனுப்பினாலும் ஜி.எஸ்.டி. வேண்டும். முதல் இரண்டு மாதம் உள்ளூர் ஆர்டரிலேயே ஓட்டிப் பாருங்கள். கூரியரும் மலிவு, திரும்பி வரும் பார்சலும் சீக்கிரம் கைக்கு வரும்.