பழைய வண்டிக்கு வேறு கம்பெனி சைலன்சர்: காசு கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1996-ஆம் ஆண்டு புல்லட் ஸ்டாண்டர்டு 350 இருக்கிறது. சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர், ஹோண்டா சிபி 350 வண்டியிலிருந்து கழற்றிய சைலன்சர் ஒன்றைக் காட்டினார். பார்வைக்குப் புதிது போலவே இருக்கிறது. "இரண்டும் ஒரே சிசி, கிளாம்ப் போட்டால் உட்கார்ந்துவிடும்" என்கிறார். வாங்கலாமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. உங்கள் புல்லட் 346 சிசி, அந்த ஹோண்டா 348 சிசி. இரண்டுமே ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் வெளியேறும் புகையின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். நூறு சிசி வண்டியின் சைலன்சரைப் புல்லட்டுக்கு மாட்டினால் மூச்சு முட்டுவதைப் போன்ற சிக்கல் இங்கே இல்லை. "உட்கார்ந்துவிடும்" என்ற மறுபாதியில்தான் உங்கள் பணம் வீணாகும் வாய்ப்பு இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் பாகம். அந்த ஹோண்டா 2020-இல் பிஎஸ் 6 என்னும் புகை மாசு விதிகளின் கீழ் வந்த வண்டி. அத்தகைய வண்டிகளில் தேன்கூடு போன்ற அந்தப் பாகம் சில மாடல்களில் பெண்டு பைப்பிலும் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைகுழாய்), சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயும் இருக்கும். கைப்பேசி விளக்கைச் சைலன்சரின் வாயில் பிடித்துப் பாருங்கள். நெருக்கமான சிறு கண்ணறைகள் தெரிந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெட்ரோலும் காற்றும் சேரும் விகிதத்தைச் சென்சார் நொடிக்கு நொடி சரிசெய்யும் எஞ்சினுக்காக அமைக்கப்பட்ட பாகம் அது. உங்கள் வண்டியில் இருப்பது கார்புரேட்டர். அதிலும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், கொஞ்சம் ஆயிலையும் சேர்த்தே எரிக்கும். எரியாமல் வரும் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்கும். ஆயில் சாம்பல் அதன் கண்களை அடைக்கும். அடைத்தால் வண்டி இழுக்காது, எக்ஸாஸ்ட் வால்வும் கருகும். "உள்ளே இருந்ததை உடைத்து எடுத்துவிட்டோம்" என்று சொல்லப்படும் சைலன்சரையும் தவிர்ப்பதே நல்லது. உடைக்கும்போது ஒலியை அடக்கும் உள்தடுப்புகளும் சேர்ந்து தளர்ந்திருக்கும்.

உள்ளே கன்வெர்ட்டர் இல்லை என்று உறுதியானால், அடுத்து அளவுகள். கடைக்குப் போகும் முன் உங்கள் பெண்டு பைப்பில் சைலன்சர் நுழையும் இடத்தின் வெளிவிட்டத்தை வெர்னியர் கொண்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய பைப்புகள் கிளாம்பின் இறுக்கத்தில் நீள்வட்டமாக நசுங்கியிருக்கும் என்பதால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளக்க வேண்டும். கடையில் சைலன்சர் வாயின் உள்விட்டத்தை அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வாய் சற்றுப் பெரிதாக இருந்தால் லேத்தில் ஒரு ஸ்லீவ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைந்து போட்டுச் சரிசெய்துவிடலாம். வாய் சிறிதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். பைப்பை ஒடுக்கி நுழைப்பது புகை செல்லும் வழியையே குறுக்குவதாகும். இடைவெளியைக் கிளாம்பை முறுக்கியே மூடிவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் "டப் டப்" என்று வெடிக்கும். பெண்டு பைப்பும் சைலன்சரும் ஒரே துண்டாக இருந்து, அறுத்துத்தான் தர முடியும் என்றால், அறுத்த இடத்தில் எவ்வளவு நீளத்துக்கு நேர்க்குழாய் மிஞ்சும் என்று பாருங்கள். வளைவில் அறுத்த குழாயின் மேல் எந்தக் கிளாம்பும் நிற்காது.

மூன்றாவது, சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட். இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. உங்கள் புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சினில் பெண்டு பைப், சிலிண்டரின் மேல்பாகமான ஹெட்டுக்குள் செருகி நிற்கிறதே தவிர, பிற்கால எஞ்சின்களைப் போல நட்டு போட்டு இறுக்கப்பட்டதல்ல. 70 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம் கொண்ட அந்த எஞ்சினின் அதிர்வு உங்களுக்கே தெரியும். பின்பக்கத் தாங்கல் ஒழுங்காக அமையாவிட்டால் சைலன்சரின் எடை முழுவதும் பெண்டு பைப்பின் மேல் இறங்கி, ஒன்று பைப் ஹெட்டிலிருந்து நழுவும், அல்லது வெல்டு விரிசல் விடும். ஆகவே பழையதையும் புதியதையும் எடை போட்டுப் பாருங்கள். சேசிஸில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளையைப் பயன்படுத்தி, ரப்பர் புஷ் வைத்துத் தனி பிராக்கெட் செய்யச் சொல்லுங்கள். சேசிஸில் வெல்டு வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பொருத்திய பிறகு மெக்கானிக் கடையை விட்டுக் கிளம்பும் முன் இவற்றைச் சோதியுங்கள். கிக்கரைக் கையால் கடைசிவரை அழுத்துங்கள். புல்லட்டில் கிக்கரும் சைலன்சரும் ஒரே பக்கம் என்பதால் இடிக்கும் வாய்ப்பு அதிகம். இருவர் ஏறி அமர்ந்து வண்டியைக் குலுக்கி, பின்சக்கர அச்சின் நட்டு மேலெழும்பிச் சைலன்சரில் உரசுகிறதா என்று பாருங்கள். பஞ்சர் ஆனால் சைலன்சரைக் கழற்றாமல் அந்த நட்டுக்கு ஸ்பேனர் போடமுடியுமா என்றும் பார்த்துவிடுங்கள்; இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

சைலன்சர் மாறினால் கார்புரேட்டரும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கும். புகை முன்பைவிட எளிதாக வெளியேறினால் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும், பெட்ரோல் போதாமல் சூடேறும். நல்ல வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்க வேண்டும். கரிபடிந்து கறுத்திருந்தால் சைலன்சர் அடைக்கிறதா, கார்புரேட்டர் அதிகம் ஊற்றுகிறதா என்று தேட வேண்டும்.

இனி, கடையில் காட்டும் பழைய சைலன்சரின் தரத்தைப் பற்றி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறும் முன்பே நிறுத்தப்படும் வண்டியில் அது உள்ளேயே தங்கி, சைலன்சரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அரிக்கும். வெளியே குரோம் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். எனவே அடிப்பக்கத்தின் மடிப்பு ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது நெளிந்தால் வேண்டாம். கறுப்பு பெயின்ட் அடித்ததாக இருந்தால் ஒரு சிறு காந்தத்தை மேலே நகர்த்துங்கள். எங்கும் ஒட்டிய காந்தம் ஓரிடத்தில் மட்டும் ஒட்டாமல் விழுந்தால் அங்கே பட்டி வைத்து ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். சைலன்சரைத் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே ஏதேனும் கடகடவென்றால் உள்தடுப்பு உடைந்துவிட்டது. அடியில் ஊசித்துளை போன்ற ஒரு சிறு துளை சில சைலன்சர்களில் இருக்கும். அது தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது. அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதை வாங்கமாட்டேன். வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் புதிய சைலன்சர்கள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. பழைய சைலன்சரின் விலையோடு ஸ்லீவ், பிராக்கெட், லேத் கூலி, ஜெட், மெக்கானிக் கூலி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை புதியதன் விலையை எட்டிவிடும் என்றே நினைக்கிறேன். வேறு கம்பெனி சைலன்சரைத் தேடுவதில் நியாயம் இருப்பது, உதிரிபாகமே கிடைக்காத வண்டிகளுக்குத்தான். உங்கள் பழைய சைலன்சரையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்தடுப்பு நன்றாக இருந்தால் ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டு செய்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

கேள்வி: என் யமஹா ஆர்எக்ஸ் 100-இன் சைலன்சர் பழுதாகிவிட்டது. ஸ்ப்ளெண்டர் சைலன்சரை வெல்டு வைத்து மாட்டினால் சத்தமும் குறையும், செலவும் குறையும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். இரண்டும் நூறு சிசிதானே? – கோவில்பட்டி வாசகர்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். சிசி ஒன்றானாலும் ஆர்எக்ஸ் இரண்டு ஸ்ட்ரோக், ஸ்ப்ளெண்டர் நான்கு ஸ்ட்ரோக். நான்கு ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வழியைத் திறப்பதும் மூடுவதும் வால்வின் வேலை. இரண்டு ஸ்ட்ரோக்கில் அப்படி வால்வு கிடையாது. புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும்போது புகைவழியும் திறந்தே இருக்கிறது. அந்தக் கலவையில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே நழுவும். அதைத் திருப்பி உள்ளே தள்ளுவது சைலன்சரின் வடிவம். குழாய் விரிந்து பிறகு குறுகும் இடத்தில் அழுத்த அலை மோதித் திரும்பி வந்து, நழுவிய கலவையைச் சிலிண்டருக்குள் சேர்க்கிறது. எத்தனை நீளத்தில் விரிய வேண்டும், எங்கே குறுக வேண்டும் என்பதெல்லாம் அந்த எஞ்சினுக்கென்றே கணக்கிட்டு அமைத்தவை. 98 சிசியில் 11 குதிரைத்திறன் கிடைத்ததில் அந்தச் சைலன்சருக்கும் பங்கு உண்டு. ஸ்ப்ளெண்டர் சைலன்சரை மாட்டினால் இழுவை போகும், பெட்ரோல் வீணாகும், பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயிலின் பிசுக்கு உள்தடுப்புகளில் படிந்து சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்யவும் வழியில்லை.

உங்கள் சைலன்சர் உண்மையிலேயே பழுதா, கரி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்எக்ஸ் சைலன்சரின் பின்முனையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்குழாய் தனியாக வந்துவிடும். அதன் துளைகளில் படிந்த கரியை நீக்கினாலே பல வண்டிகள் பழைய இழுவைக்குத் திரும்பிவிடுகின்றன. அந்த உள்குழாயை எடுத்துவிட்டுச் சத்தத்துக்காக வெறுமனே ஓட்டுபவர்களும் உண்டு. வண்டிக்கும் அதில் நன்மை இல்லை; தெருவில் உள்ள நோயாளிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது நிச்சயமாகத் துன்பம்.

கேள்வி: வேறு கம்பெனி சைலன்சர் போட்டால் போலீஸ் அபராதம் விதிக்குமா? புகைச் சான்றிதழ் இருந்தால் போதாதா? – சேலம் வாசகர்

பதில்: போதாது. புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டும்தான் அளக்கப்படுகின்றன. 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை இருக்கலாம். சத்தத்தை அங்கே யாரும் அளப்பதில்லை. ஒலியைக் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி சொல்கிறது. ஒலி, காற்று மாசு வரம்புகளை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை உண்டு. சைலன்சரில் வேறு கம்பெனியின் பெயர் இருப்பதைவிட, அதிலிருந்து வரும் சத்தமே உங்களைச் சிக்கலில் மாட்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: பழைய சைலன்சர் ஒன்றை வாங்கி ஒரு வாரத்திலேயே உள்ளே உடைந்தது தெரிந்துவிட்டது. "பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது" என்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை. – வேலூர் வாசகர்

பதில்: பழைய பொருள் என்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே சொல்கிறது. பில்லில் கால வரம்பு எதுவும் குறிப்பிடாத நிலையில், திரும்பப் பெறுவதற்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. ஆனால் வாங்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருந்த குறைக்கு வழக்கு நிற்காது. மறைத்து விற்ற குறைக்குத்தான் நிற்கும்.

பில் இல்லாவிட்டாலும் யுபிஐ மூலம் பணம் செலுத்திய பதிவு, கடையின் பெயர்ப் பலகையோடு எடுத்த படம், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய சைலன்சர் படங்கள் எல்லாம் சான்றாக உதவும். முதலில் கடைக்காரருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. அதுவரை அந்தச் சைலன்சரை வெட்டவோ வெல்டு வைக்கவோ கூடாது. குறை விற்கும்போதே இருந்ததா, பொருத்தும்போது வந்ததா என்ற கேள்வி எழும்போது அதுவே உங்கள் முதல் சாட்சி.