டார்ட்ஸ் உலகத் தொடரில் உள்ளூர்த் தகுதி வீரர்கள் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தோற்கிறார்களே, பிறகு எதற்கு இந்த ஏற்பாடு?

நீங்கள் கேட்டதில் பாதி சரி. வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் டார்ட்ஸ் போட்டிகளின் முதல் இரவில் ஒரு பக்கம் உலகின் முன்னணி வீரர்கள் எட்டுப் பேர், மறுபக்கம் அந்த வட்டாரத்தில் தகுதி பெற்று வந்த எட்டுப் பேர். இரவு முடியும்போது அடுத்த சுற்றுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விமானம் ஏறி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தை ஏன் நடத்த வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனாலும் டார்ட்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைப் போட்டிதான்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். பல வருடங்களாக வேலை முடிந்து நண்பர்களோடு டார்ட்ஸ் ஆடுகிறேன், உள்ளூர் லீகிலும் ஆடியிருக்கிறேன். தொலைக்காட்சியில் வரும் வீரர்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் உள்ள தூரம் மலைக்க வைக்கும் தூரம். ஆனால் அவர்களுக்கும் ஒரு நாட்டின் மிகச் சிறந்த உள்ளூர் வீரருக்கும் உள்ள தூரம், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடச் சிறியது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரும் 501இல் தொடங்கி, முறைக்கு மூன்று டார்ட் எறிந்து, எடுத்த புள்ளியைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். சரியாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும், கடைசி டார்ட் டபுள் வளையத்திலோ (பலகையின் விளிம்பில், எண்ணுக்கு இரு மடங்கு புள்ளி தரும் வளையம்) நடு வட்டத்தின் உள்பகுதியிலோ விழ வேண்டும். அதுதான் ஒரு லெக். எறியும் கோட்டிலிருந்து பலகை 2.37 மீட்டர். டபுள் வளையத்தின் அகலம் சுமார் 8 மில்லிமீட்டர்.

இந்தத் தொடரை பி.டி.சி. என்ற தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பு 2013இல் துபாயிலும் சிட்னியிலும் தொடங்கியது. துபாயில் நெதர்லாந்தின் மைக்கேல் வான் கெர்வன் வென்றார், சிட்னியில் இங்கிலாந்தின் ஃபில் டெய்லர். 2014இல் எங்கள் ஊருக்கும் வந்தது. அப்புறம் ஆக்லாந்து, ஷாங்காய், லாஸ் வேகாஸ், நியூயார்க், கோபன்ஹேகன், பஹ்ரைன் என்று பரவியது. எட்டுக்கு எட்டு என்ற அமைப்பு போகப் போக நிலைபெற்றது. உள்ளூர்ப் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சும்மா அழைக்கப்பட்டவர்கள் இல்லை. வட்டாரச் சுற்றில் வருடம் முழுக்க ஆடிப் புள்ளி சேர்த்தவர்கள், அல்லது தனியாக நடக்கும் தகுதிப் போட்டியில் நாள் முழுக்க ஆடி ஜெயித்தவர்கள்.

சரி, ஏன் தோற்கிறார்கள்? கணக்காகவே பார்க்கலாம். முன்னணி வீரர் ஒருவர் முறைக்குச் சராசரியாக 100 புள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். ஏறக்குறைய ஐந்து முறையில் லெக் முடிந்துவிடும். உள்ளூர் வீரர் 85 எடுக்கிறார் என்றால், அதே ஐந்து முறையில் 425 எடுத்திருப்பார், 76 மிச்சம் இருக்கும். ஆக, வித்தியாசம் ஒரே ஒரு முறைதான். ஆனால் அந்த ஒரு முறை, லெக் லெக்காக, இரவு முழுக்கத் தொடர்ந்து வரும். ஆறு லெக் முதலில் எடுத்தவருக்கு வெற்றி என்ற ஆட்டத்தில் 6-2, 6-1 என்று ஸ்கோர் வந்து நிற்பது இப்படித்தான். பார்ப்பவருக்கு அது படுதோல்வியாகத் தெரியும். ஆடியவருக்குத் தெரியும், நான்கு லெக்கில் தான் 76இலோ 40இலோ காத்துக்கொண்டு நின்றது.

அந்தக் காத்திருப்பில்தான் இந்தப் போட்டியின் உயிர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உலகின் மிகச் சிறந்தவர்களும் டபுளுக்கு எறியும் டார்ட்டுகளில் பாதிக்கு மேல் தவறவிடுகிறார்கள். டிரிபிள் 20இல் (எண்ணுக்கு மூன்று மடங்கு, அதாவது 60 தரும் சின்னக் கட்டம்) நாள் முழுக்கக் குத்திக்கொண்டே இருக்கும் கை, டபுள் 16க்கு வந்ததும் ஒரு மயிரிழை வெளியே போகும். அப்படித் தவறவிட்டவர் நகர்ந்து நிற்கும்போது, 76இல் இருப்பவர் முன்னே வருகிறார். டிரிபிள் 20, டபுள் 8. முடிந்தது. அந்த இரண்டு டார்ட்டையும் அவர் தன் ஊர் கிளப்பில் ஆயிரக்கணக்கான தடவை எறிந்திருப்பார். இப்போது பல்லாயிரம் வாட் வெளிச்சத்தில், தன் பெயரைச் சொல்லிக் கத்தும் கூட்டத்தின் நடுவே, அதே பலகையில், அதே தூரத்தில் எறிய வேண்டும். டென்னிஸில் உள்ளூர் வீரருக்கு எதிராளியின் சர்வீஸைத் தொடவே முடியாமல் போகலாம். டார்ட்ஸில் எதிராளி உங்கள் டார்ட்டைத் தடுக்கவே முடியாது. அந்த மூன்று டார்ட்டும் முழுக்க உங்களுடையது.

இதோடு ஆட்டத்தின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஏழு செட் எடுக்க வேண்டும், ஒவ்வொரு செட்டுக்கும் மூன்று லெக் வெல்ல வேண்டும். அவ்வளவு நீளத்தில் திறமைசாலி எப்படியும் மேலே வந்துவிடுவார். ஆறு லெக் ஆட்டத்தில் நான்கைந்து டபுள் தவறினால் ஆட்டமே கைநழுவிப் போகும். உள்ளூர் வீரருக்கு இதைவிட நியாயமான வாய்ப்பைத் தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டேமன் ஹெட்டாவின் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்காரர், கூரை போடும் வேலை பார்த்தவர். 2019 ஆகஸ்டில் பிரிஸ்பேன் டார்ட்ஸ் மாஸ்டர்ஸ் போட்டிக்கு அவர் உள்ளூர்த் தகுதி வீரராகத்தான் வந்தார். இறுதி ஆட்டத்தில் எதிரே ராப் கிராஸ். கிராஸ் அப்போது யார் என்று நினைத்துப் பாருங்கள். 2018 உலக சாம்பியன், ஃபில் டெய்லரின் கடைசி உலக இறுதி ஆட்டத்தில் அவரை 7-2 என்று தோற்கடித்தவர். போதாததற்கு, பிரிஸ்பேனுக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான் பிளாக்பூலில் வேர்ல்ட் மேட்ச்ப்ளே பட்டத்தையும் வென்றிருந்தார். அப்படிப்பட்டவரை ஹெட்டா 8-7 என்று வென்றார். கடைசி லெக் வரை போன ஆட்டம். இந்தத் தொடரில் ஒரு போட்டியை வென்ற முதல் உள்ளூர்த் தகுதி வீரர் அவர்தான். (கிராஸும் எலெக்ட்ரீசியனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்தான். டார்ட்ஸில் மேலே இருப்பவர்களும் ஒரு காலத்தில் வேலை முடிந்து வந்து பலகை முன்னால் நின்றவர்கள் என்பது எனக்கு இந்த விளையாட்டின் மீதுள்ள அன்புக்கு ஒரு பெரிய காரணம்.)

அந்த வெற்றியோடு ஹெட்டா நிற்கவில்லை. 2020 ஜனவரியில் இங்கிலாந்துக்குப் போய் க்யூ ஸ்கூல் என்ற தகுதிப் போட்டியில், தொழில்முறைச் சுற்றில் ஆட உரிமை தரும் டூர் கார்டு வாங்கினார். 2022இல் சைமன் விட்லாக்கோடு சேர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு டார்ட்ஸ் உலகக் கோப்பையை வென்று கொடுத்தார், இறுதியில் வேல்ஸை வீழ்த்தி. பிரிஸ்பேன் இல்லாமலும் அவர் வந்திருக்கலாம். ஆனால் உலகின் முதல் வரிசைக்காரர்களைத் தோற்கடிக்க முடியும் என்று அவருக்கும் மற்றவர்களுக்கும் தெரிந்தது அந்த வார இறுதியில்தான்.

பிரிஸ்பேனுக்கு இரண்டு வருடம் முன்பு ஆக்லாந்திலும் ஒரு நல்ல இரவு உண்டு. 2017 இறுதி ஆட்டத்தில் இரண்டு ஆஸ்திரேலியர்கள், ஏற்கனவே தொழில்முறைச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்த கைல் ஆண்டர்சனும் இளைஞர் கோரி காட்பியும். 11-10 என்று ஆண்டர்சன் வென்றார். முன்னணி வீரர்கள் அத்தனை பேர் வந்திருந்த போட்டியில் இறுதியில் நின்றது அந்த வட்டாரத்து இரண்டு பேர்.

‘பெரிய வீரர்கள் சுற்றுலா வருவதுபோல வந்து போகிறார்கள், தரவரிசைக்குக் கணக்காகும் பரிசுப் பணம் இதில் சேராதே’ என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தரவரிசைக்குச் சேராது என்பது உண்மை. அலட்சியமாக ஆடுகிறார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். 2024 ஜனவரியில் பஹ்ரைனில் லூக் லிட்லர் ஆடியதைப் பாருங்கள். உலக இறுதியில் தோற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, 17 வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. காலிறுதியில் ஒன்பதே டார்ட்டில் 501ஐ முடித்தார் (அதைவிடக் குறைவாக முடிக்கவே முடியாது), இறுதியில் வான் கெர்வனை வென்று கோப்பையைத் தூக்கினார். அதை அரங்கில் உட்கார்ந்து பார்த்த வளைகுடா நாட்டு ஆட்டக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆசிய வீரர்கள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இதை நான் அன்றாடம் பார்க்கிறேன். ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூரில் பெரும்பாலானவர்கள் ஆடுவது பிளாஸ்டிக் முனை டார்ட்டும் மின்னணு இயந்திரமும் கொண்ட சாஃப்ட் டிப். அதில் தூரம் 2.44 மீட்டர். வழக்கமான 501 வகை ஆட்டத்தில் நடு வட்டம் உள்ளும் புறமும் 50 என்றே கணக்கு, எனவே கை தானாக நடு வட்டத்துக்கே போகும். உலகத் தொடரில் ஆடும் உருக்கு முனை ஆட்டத்தில் நடுவின் வெளி வட்டத்துக்கு 25தான். அங்கே பிழைக்க வேண்டுமென்றால் டிரிபிள் 20 என்ற அந்தச் சின்னக் கட்டத்தில் குடியிருக்க வேண்டும், இரண்டு பக்கமும் 1ம் 5ம் காத்திருக்கும். கண், தூரம், பழக்கம் எல்லாவற்றையும் சில வாரத்தில் மாற்றிக்கொண்டு மேடையேறுகிற ஒருவர் 6-3 என்று தோற்றால் அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இரண்டையும் ஆளக்கூடியவர் எங்கள் பால் லிம். 1990 உலக சாம்பியன்ஷிப்பில், அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒன்பது டார்ட் லெக் எறிந்தவர். அதற்குக் கிடைத்த பரிசு 52,000 பவுண்டு, அந்த வருடம் கோப்பையை வென்ற ஃபில் டெய்லருக்குக் கிடைத்ததைவிட அதிகம். 2017 உலகக் கோப்பையில் அவரும் ஹாரித் லிம்மும் கேரி ஆண்டர்சன், பீட்டர் ரைட் ஜோடியை 5-2 என்று வெளியே அனுப்பினார்கள். முதல்நிலை அணியாக வந்த ஸ்காட்லாந்து அது. அதே வருடக் கடைசியில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கேரி ஆண்டர்சனுக்கு எதிராக எட்டு டார்ட்டைக் கச்சிதமாக எறிந்தார். ஒன்பதாவது டபுள் 12ஐத் தவறவிட்டது. இங்கே டார்ட்ஸ் பிடித்தவர்கள் அதை இன்னும் பேசுகிறார்கள்.

எனக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. வருடத்தில் ஒரு வார இறுதி மேடை தந்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் அந்த வீரரை அவர் பாட்டுக்கு விட்டுவிடுகிறார்கள். தொழில்முறைச் சுற்றில் நுழைய டூர் கார்டு வேண்டும். மொத்தம் 128 பேரிடம்தான் அது இருக்கும், வாங்கினால் இரண்டு வருடத்துக்குச் செல்லும். அதற்கான க்யூ ஸ்கூல் நடப்பது இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும். கிடைத்த பிறகு போட்டிகளில் பெரும்பாலானவையும் ஐரோப்பாவில். பெர்த்திலோ மணிலாவிலோ இருப்பவர் வீட்டை, குடும்பத்தை, வேலையை விட்டுப் போக வேண்டும். ஹெட்டா போனார், விட்லாக் போனார். ஆக்லாந்தில் வென்ற கைல் ஆண்டர்சனும் போனவர்தான். 2021இல் டூர் கார்டை விட்டுக்கொடுத்து ஆஸ்திரேலியாவிலேயே இருந்துவிட்டார். அதே வருடம் 33 வயதில் இறந்துபோனார். அவரை நினைக்கும்போதெல்லாம் இந்த விளையாட்டு தூர தேசத்து வீரர்களிடம் எவ்வளவு கேட்கிறது என்று மனம் கனக்கிறது. ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தரவரிசைக்குக் கணக்கில் வரும் போட்டிகள் சிலவாவது நடக்க வேண்டும். அது நடக்கும்வரை இந்த எட்டுக்கு எட்டு இரவு அவர்களுக்கு உள்ள ஒரு பெரிய வாசல், அதை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்த முறை பார்க்கும்போது இறுதி ஆட்டத்தை மட்டும் பார்க்காமல் முதல் சுற்றை உட்கார்ந்து பாருங்கள். முதல் லெக்கை யார் தொடங்குகிறார் என்று அறிவிக்கும்போதே கவனியுங்கள். பதினோரு லெக் ஆட்டத்தில் முதல் லெக்கைத் தொடங்குகிறவர்தான் 5-5 ஆனால் கடைசி லெக்கையும் தொடங்குவார். அது உள்ளூர்க்காரராக இருந்து, அவர் தன் முறைகளை விட்டுக்கொடுக்காமல் 3-3 வரை கொண்டுவந்துவிட்டால், எதிரே நிற்பவர் உலக சாம்பியனாக இருந்தாலும் டபுளுக்கு எறியும்போது தோள் இறுகுவதை நீங்களே பார்ப்பீர்கள்.