பதினாலு நாளில் ஏழு ரவுண்டு, நாலு சஃபாரி: சரிவருமா?

கேள்வி: எனக்கு வயது 61. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. கோவையில் வாரம் மூன்று நாள் கோல்ஃப் ஆடுகிறேன். வரும் ஜூலையில் எங்களுக்குக் கல்யாணமாகி 35 வருடம். ஆப்பிரிக்காவில் சிங்கம் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை, அங்கே நல்ல மைதானங்களில் ஆட வேண்டும் என்பது என் ஆசை. ஏஜென்ட் 14 நாளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: நைரோபி, மசாய் மாரா, ஜோகன்னஸ்பர்க், க்ரூகர், கேப்டவுன், மொரீஷியஸ். ஏழு ரவுண்டு கோல்ஃப், நாலு சஃபாரி. சரிவருமா? என் கோல்ஃப் செட்டைக் கொண்டுபோகலாமா? மைதானத்தில் மிருகம் வருமாமே, பயமில்லையா?

(கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி: “இவர் ஆடுகிற ஐந்து மணி நேரமும் நான் எங்கே உட்காருவது? வீட்டில் கார் ஓட்டுவது நான்தான், அங்கேயும் ஓட்டலாமா?”)

பதில்:

சரிவராது சார். ஏஜென்ட் மேல் கோபமில்லை, கேட்டதையெல்லாம் அவர் போட்டுக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளை எடுத்து, கோல்ஃபையும் சிங்கத்தையும் விட்டுவிட்டு, விமானத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் போனால் மிச்சம் பன்னிரண்டு. நைரோபியிலிருந்து மாராவுக்குச் சின்ன விமானம், திரும்ப நைரோபி, அங்கிருந்து நாலு மணி நேரம் ஜோகன்னஸ்பர்க், பிறகு க்ரூகர், அப்புறம் நாட்டின் மறுமுனையில் கேப்டவுன், கடைசியில் மொரீஷியஸ். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, வரிசையில் நின்று, இறங்கி, இன்னொரு அறைக்குள் நுழைவதற்குள் அரை நாள் போய்விடும், பல சமயம் முழு நாளே போய்விடும். மிச்சமிருக்கிற நாட்களில் ஏழு ரவுண்டு ஆடினால் உங்கள் வீட்டம்மா ஆப்பிரிக்காவில் அதிகம் பார்க்கப்போவது கிளப் ஹவுஸ் நாற்காலியைத்தான்.

கோல்ஃபையும் சஃபாரியையும் சேர்க்கிறவர்கள் எல்லோரும் இடிக்கிற இடம் ஒன்று உண்டு. இரண்டுமே விடியற்காலை வேலை. சிங்கமும் சிறுத்தையும் நடமாடுவது வெயில் ஏறுவதற்கு முன்னும் சாயங்காலமும்தான், நல்ல டீ டைமும் (ஆட்டம் தொடங்க ஒதுக்கித் தரும் நேரம்) காலையில்தான். ஒரே நாளில் இரண்டையும் காலையில் வைத்தால் ஒன்று கெடும். ஒரு நாள் கோல்ஃப், ஒரு நாள் சஃபாரி என்று மாற்றி மாற்றி வைத்தாலும் பாதி நேரம் காரில்தான் போகும். அதனால் தங்கும் இடத்தைக் குறையுங்கள். மூன்றே மூன்று இடம், ஒவ்வொன்றிலும் நாலு இரவு. மூன்று இடமும் ஒரே நாட்டில், தென்னாப்பிரிக்காவில்.

கென்யாவை எடுத்ததற்கு வருத்தப்படாதீர்கள். மாரா அற்புதமான இடம், அதற்குத் தனியாக ஒரு பயணம் போகலாம். இதோடு ஒட்டினால் இன்னொரு தொல்லையும் சேரும். கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். அதே சான்றிதழை ஊர் திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தி உட்காரவைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். துபாய் அல்லது தோஹா வழியாக நேரே ஜோகன்னஸ்பர்க் போய்விட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கேப்டவுனையும் எடுக்கச் சொல்கிறேன், காரணம் ஜூலை. அங்கே குளிர்காலத்தில்தான் மழை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காற்றும் தூறலுமாக இருக்கும், டேபிள் மலை பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும். க்ரூகர் பக்கம் நேர்மாறு. ஜூலையில் அங்கே வறண்ட காலம், புல் குட்டையாகி, இலை உதிர்ந்து, மிருகங்களெல்லாம் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வந்து நிற்கும். ஒரே நாட்டில் ஒரு மூலைக்கு நல்ல மாதம் இன்னொரு மூலைக்கு மோசமான மாதம். பிப்ரவரி, மார்ச் என்று எழுதியிருந்தீர்களானால் கேப்டவுனை வைத்துக்கொண்டு க்ரூகரில் ஆள் உயரப் புல்லுக்கு நடுவே சிங்கத்தின் வால் நுனியைத் தேடச் சொல்லியிருப்பேன்.

சரி, முதல் நாலு இரவு சன் சிட்டி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். சூதாட்ட விடுதி, அலைக் குளம் என்று கொஞ்சம் ஆடம்பரக் கூத்தாக இருக்கும், எனக்கு அந்த அலங்காரம் பிடிக்காது, ஆனால் உங்கள் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இரண்டு 18 குழி மைதானங்கள் உண்டு, இரண்டுமே தென்னாப்பிரிக்காவின் பெரிய கோல்ஃப் வீரர் கேரி பிளேயர் வடிவமைத்தவை. அவர் பெயரிலேயே இருப்பது நெட்பேங்க் என்கிற தொழில்முறைப் போட்டி நடக்கும் மைதானம், ரொம்ப நீளம், கௌரவம் பார்க்காமல் முன் டீயிலிருந்து, அதாவது குழிக்குக் கிட்டே இருக்கிற தொடக்க இடத்திலிருந்து ஆடுங்கள். இன்னொன்றான லாஸ்ட் சிட்டியில் 13ஆம் குழி ஒரு பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. கிரீன் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடிவத்தில் இருக்கும், அதற்கு முன்னால் கற்சுவர் கட்டிய பள்ளம், பள்ளத்தில் நிஜ முதலைகள். பந்து உள்ளே விழுந்தால் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பந்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த வாசலே பிலான்ஸ்பெர்க். அணைந்துபோன எரிமலைக்குள் அமைந்த, 550 சதுர கிலோமீட்டர் அளவிலான சரணாலயம். 1979ல் வெளியிலிருந்து மிருகங்களைக் கொண்டுவந்து விட்டு உருவாக்கிய காடு. சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் உண்டு, மலேரியா இல்லை. நாலு நாளில் இரண்டு ரவுண்டு, மூன்று சஃபாரி தாராளமாக முடியும். ஒரு எச்சரிக்கை: ஜூலை விடியலில் திறந்த ஜீப்பில் போவது ஊட்டி டிசம்பரில் பைக்கில் போவது மாதிரி. குரங்குக் குல்லா, கையுறை எடுத்துப் போங்கள், கௌரவமெல்லாம் முதல் பத்து நிமிடத்தில் போய்விடும். அந்தப் பக்கத்துப் புல் குளிர்காலத்தில் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். விளம்பரப் படத்தில் இருந்த பச்சை எங்கே என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, க்ரூகர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர் காடு, அதற்குள் ஸ்குகுஸா என்கிற பெரிய முகாம், முகாமுக்குப் பக்கத்தில் ஒன்பது குழியுள்ள ஒரு சின்ன மைதானம். 1972ல் பூங்கா ஊழியர்களுக்காகப் போட்டது, இப்போது வெளியாட்களும் ஆடலாம். பெரிய பெயர் பெற்ற மைதானம் இல்லை, கிரீன் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் பயணம் முழுவதிலும் ஒரே ஒரு ரவுண்டுதான் ஆட முடியும் என்றால் நான் இதைத்தான் ஆடுவேன்.

ஏனென்று சொல்கிறேன். க்ரூகரில் முகாமையும் அனுமதியுள்ள சில இடங்களையும் தவிர வேறெங்கும் காரை விட்டுக் கால் கீழே வைக்கக் கூடாது, வைத்தால் அபராதம். இந்த மைதானத்துக்கோ வேலி கிடையாது. அதே காடு, அதே மிருகங்கள், நீங்கள் மட்டும் நடந்துபோகிறீர்கள். ஆடும் முன், எனக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இம்பாலா மான்கள் ஃபேர்வே என்கிற ஆடுபாதைப் புல்லில் படுத்திருக்கும், நாம் போனால் சலிப்போடு எழுந்து நாலடி நகரும். வார்ட்ஹாக் என்கிற கொம்புப் பல் பன்றி முன்னங்காலை மடக்கி மண்டியிட்டுப் புல் மேயும், தூரத்திலிருந்து பார்த்தால் கோவிலில் விழுந்து கும்பிடுகிற மாதிரி. ஓரத்தில் லேக் பானிக் என்று ஒரு நீர்த்தேக்கம், அதில் நீர்யானை.

பயமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடைக்கானல் மைதானத்தில் காட்டெருமை நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பேசாமல் ஒதுங்கி நிற்பீர்கள் அல்லவா, அங்கேயும் அதேதான். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் போய் நிற்காதீர்கள். கோல்ஃப் விதிப் புத்தகமே இதற்கு வழி வைத்திருக்கிறது. விதி 16.2: ஆபத்தான மிருகத்துக்குப் பக்கத்தில் பந்து கிடந்தால் அபராதமில்லாமல் வேறு இடத்தில் போட்டு ஆடலாம், குழிக்கு அருகில் மட்டும் போகக் கூடாது. நின்றிருந்த பந்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடினால் பழைய இடத்தில் இன்னொன்றை வைத்து ஆடலாம், அதற்கும் அபராதம் இல்லை.

இங்கேதான் அந்தக் காலைச் சண்டையும் தீரும். ஜூலையில் முகாமின் கேட் ஆறு மணிக்குத் திறக்கும். போய் மூன்று மணி நேரம் சிங்கம் தேடுங்கள், பத்து மணிக்கு வந்து சாப்பிடுங்கள், பதினொன்றுக்கு ஒன்பது குழி ஆடுங்கள். குளிர்காலம் என்பதால் நடுப்பகல் வெயில் இதமாகத்தான் இருக்கும், மிருகங்களும் அந்த நேரத்தில் பெரும்பாலும் நிழலில் படுத்திருக்கும், நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. மூன்று மணிக்கு மறுபடி கிளம்பலாம். கேட் அடைக்கும் நேரத்தை மட்டும் மறக்க வேண்டாம். அங்கே பள்ளி விடுமுறையும் அந்தச் சமயத்தில் வரும் என்பதால் முகாமில் அறையை இப்போதே பிடித்துவிடுங்கள். மலேரியா அபாயம் ஜூலையில் குறைவு, இருந்தாலும் மாத்திரை பற்றி உங்கள் டாக்டரைக் கேளுங்கள், 61 வயதில் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகளோடு ஒத்துப்போக வேண்டுமே.

ஏஜென்ட்டின் தாளில் “லெபர்ட் க்ரீக், ஒரு ரவுண்டு” என்று போட்டிருக்கிறது. முதலை ஆற்றங்கரையில், க்ரூகருக்கு எதிர்க்கரையில் இருக்கிற மைதானம், பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் அது தனியார் கிளப். உறுப்பினரின் விருந்தாளியாகவோ, குறிப்பிட்ட சில லாட்ஜ்களில் தங்குகிறவராகவோ இருந்தால்தான் உள்ளே ஆட விடுவார்கள். டீ டைம் உறுதி என்று எழுத்தில் வாங்காமல் அந்த வரிக்குப் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம் கோல்ஃப் செட். தனியார் லாட்ஜ்களுக்குப் பறக்கிற பன்னிரண்டு சீட்டு விமானங்களில் பெரும்பாலும் ஆளுக்கு 20 கிலோதான், கைப்பையும் சேர்த்து, அதுவும் மடங்குகிற துணிப்பையாக இருக்க வேண்டும். இது தெரியாமல் என் பையோடு ஒருமுறை போய் நின்றேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். கவுண்டர் பையன் பையைப் பார்த்தான், விமானத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து, அதற்குத் தனியாக ஒரு சீட் வாங்குகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டான். செட்டை ஜோகன்னஸ்பர்க்கில் காசு கொடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, போன இடத்தில் வாடகைக்கு எடுத்து ஆடினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்குத்தான் நன்றாக ஆடினேன். நீங்கள் காரில் போவதால் கொண்டுபோக முடியும்தான், ஆனால் வாடகைக் காரின் டிக்கியில் இரண்டு பெரிய பெட்டியோடு அந்தப் பையும் ஏறுமா என்று யோசியுங்கள். ஷூ, கையுறை, ஒரு டஜன் பந்து, உங்களுக்குப் பழகிய பட்டர் (பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டை) இவை போதும் என்பேன், மிச்சத்தைப் பெரிய மைதானங்களில் வாடகைக்குத் தருவார்கள்.

மூன்றாவது இடம் கிழக்குக் கடற்கரையில் இருக்கிற டர்பன். இதை உங்கள் ஏஜென்ட் ஏன் விட்டார் என்று தெரியவில்லை. ஜூலையில் மழை குறைவு, பகலில் இதமான வெயில், சாப்பாட்டுக்கும் கவலையே இல்லை. 1860ல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிற ஊர். க்ரூகர் பக்கத்து நெல்ஸ்ப்ருட்டிலிருந்து விமானத்தில் போய்விடுங்கள். வரைபடத்தில் குறுக்கு வழி மாதிரி தெரிகிற எஸ்வாட்டினி வேறு நாடு, அதற்குத் தனி விசா, திரும்பி நுழைய தென்னாப்பிரிக்க விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும்.

டர்பன் கன்ட்ரி கிளப்பில் ஆட முன்பதிவு கேட்டுப் பாருங்கள். கடலோர மணல்மேட்டு மைதானம். அங்கே போனால் பாப்வா செவ்கோலத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். கேடியாக, அதாவது ஆடுகிறவர்களுக்குப் பை தூக்குபவராக இருந்து தானே ஆடக் கற்றுக்கொண்ட இந்திய வம்சாவளிக்காரர், வலது கைக்குக் கீழே இடது கையை வைத்து, நம் கோச்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்கிற பிடியில் ஆடியவர். 1963ல் நேட்டால் ஓப்பனை இங்கேதான் ஜெயித்தார். வெள்ளைக்காரர்கள் கிளப் ஹவுஸுக்குள் இருக்க, இவருக்குக் கோப்பையை வெளியே மழையில் வைத்துக் கொடுத்தார்கள். 1965ல் அதே போட்டியில் கேரி பிளேயரையும் தோற்கடித்தார். இன்று அந்த ஊரில் ஒரு பொது மைதானத்துக்கு அவர் பெயர்.

டர்பனிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் ஹ்லுஹ்லுவே-இம்ஃபலோசி, 1895ல் தொடங்கிய சரணாலயம். ஒரு காலத்தில் நூறுக்கும் கீழே குறைந்துபோன தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் பிழைத்தது இங்கேதான். 1960களில் அவற்றைப் பிடித்து வேறு காடுகளுக்கு அனுப்பிப் பெருக்கும் வேலைக்குத் தலைமை தாங்கியவர் இயன் பிளேயர், கேரி பிளேயரின் அண்ணன். தம்பி போட்ட மைதானத்தில் தொடங்கி அண்ணன் வேலை பார்த்த காட்டில் முடிகிறது உங்கள் பயணம், இதை நான் வேண்டுமென்று திட்டமிடவில்லை, தானாக அமைந்தது. அங்கே ஓர் இரவாவது தங்குங்கள்.

இனி அந்தக் கடைசி வரி எழுதிய அம்மாவுக்கு. ஓட்டலாம், அங்கேயும் இடது பக்கம்தான். உரிமத்தோடு இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், க்ரூகருக்குள் தார் ரோட்டில் 50க்கு மேல் போகாதீர்கள். சன் சிட்டியில் அவர் ஆடுகிற காலையில் உங்களுக்குப் பிலான்ஸ்பெர்க் ஜீப் தனியாகக் கிடைக்கும், அவருக்காகக் காத்திருக்கவே வேண்டாம். ஸ்குகுஸாவில் அவரை மைதானத்தில் இறக்கிவிட்டுவிட்டு நீங்கள் லேக் பானிக் பறவை மறைவிடத்துக்குப் போங்கள், காரை விட்டு இறங்க அனுமதியுள்ள இடம் அது. மரக் கூரைக்குக் கீழே பெஞ்சு, முன்னால் ஜன்னல் திறப்பு, அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். மீன்கொத்தி கிளையிலிருந்து விழுந்து எழுவதைப் பார்க்கலாம், நீர்யானை மூச்சு விடுவதைக் கேட்கலாம். பைனாகுலரையும் பிளாஸ்கில் காபியையும் மறக்காதீர்கள். ஒன்பது குழி முடிய இரண்டரை மணி நேரம் ஆகும், அதற்குள் திரும்பி வந்தால் போதும். நல்ல சிங்கமாகப் பார்த்துவிட்டால் ஒரு பத்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை, அவர் கிளப் ஹவுஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும்.