"ஒரிஜினல்" என்று சொல்லி விற்ற படம்: நகல் ஓவியம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வேலூரில் ஒரு கடையில் "கையால் வரைந்த ஒரிஜினல் ஆயில் பெயின்டிங்" என்று சொன்னார்கள். மூன்றடிக்கு இரண்டடி, 14,000 ரூபாய். சன்னலோரம் நிற்கும் கிராமத்துப் பெண் படம். போன வாரம் ராணிப்பேட்டையில் சம்பந்தி வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே படம், அதே புடவை, அதே சன்னல். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: கேட்கலாம். ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கையால் வரையாத படத்தைக் கையால் வரைந்தது என்று விற்றார்களா, அல்லது வேறொருவர் படத்தைப் பார்த்து வரைந்ததை "ஒரிஜினல்" என்று விற்றார்களா? இரண்டும் வேறு வேறு புகார்.

முதலாவதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வாட்ச் ரிப்பேர் செய்பவர்களும் நகைக்கடைக்காரர்களும் கண்ணில் மாட்டும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெண்ணின் கன்னம், கழுத்து போன்ற வெளிர் நிறப் பகுதியை அதில் பாருங்கள். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. கலந்து குழைத்த பெயின்ட் என்றால் புள்ளி இருக்காது; தூரிகையின் மயிர் இழுத்த கோடுகள் நிறத்தோடு சேர்ந்தே ஓடும்.

"தடவிப் பார்த்தேன், மேடுபள்ளமாக இருக்கிறதே" என்பீர்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அச்சடித்த கேன்வாஸ் மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் பூசி, வரைந்தது போன்ற மேட்டை உண்டாக்கிவிடுகிறார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். புடவைக் கரை வளையும் இடத்தில் தூரிகைத் தடமும் வளைய வேண்டும். தடம் கரையையும் தாண்டி, முகத்தையும் தாண்டி, கீழே இருக்கும் படத்துக்குச் சம்பந்தமில்லாமல் நேராக ஓடினால் அது ஜெல். சட்டத்தைக் கழற்ற முடிந்தால் ஓரத்தையும் பாருங்கள். அச்சில் படம் ஸ்கேல் வைத்து வெட்டியது போல முடியும். கை வேலையில் ஓரம் கோணல்மாணலாக, அங்கங்கே திட்டாக இருக்கும். மங்கலாக அச்சடித்து அதன்மேலேயே வரையும் வேலையும் நடக்கிறது. அதில் கண் ஓரம், விரல் இடுக்கு போன்று பெயின்ட் மெல்லிதாக விழுந்த இடங்களில் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். யாராவது டர்பன்டைன் தொட்டுத் துடைத்துப் பார்க்கச் சொன்னால் செய்யாதீர்கள். நிஜமான ஆயில் படமாக இருந்தால், முழுதாகக் காயாத பெயின்ட் கரைந்து வரலாம். அப்புறம் உங்கள் கையில் சாட்சியும் இருக்காது, படமும் இருக்காது.

அச்சு என்று தெரிந்தால் பிரச்சினை எளிது. பொருளின் தன்மையைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. பில் தராததும் அதே கணக்கில்தான் வரும். கடைக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, 15 நாள் கெடு கொடுத்துப் பணம் கேளுங்கள். அவர்கள் "ஒரிஜினல்", "ஹேண்ட்மேட்" என்று போட்ட விளம்பரத்தையும் பேசிய மெசேஜ்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அடங்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கையால் வரைந்ததுதான், ஆனால் இன்னொருவர் படத்தின் நகல் என்றால், "ஒரிஜினல்" என்ற சொல் பில்லிலோ விளம்பரத்திலோ இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வாய்ப்பேச்சு மட்டும் என்றால், கேன்வாஸில் வரைந்தது என்ற அர்த்தத்தில் சொன்னோம் என்று கடைக்காரர் நழுவுவார். நீங்கள் சொல்லும் பாணிக்குப் பெயர் போனவர் 2021-ல் மறைந்த ஓவியர் இளையராஜா. மூலப் படம் அவருடையது என்றால், ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு, அதாவது 2081 கடைசி வரை உரிமை அவர் குடும்பத்திடமோ அவர்கள் எழுதிக்கொடுத்தவர்களிடமோ இருக்கும். அனுமதி இல்லாமல் வரைந்து விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் மாட்ட வாங்கிய நீங்கள் பயப்பட வேண்டாம். திரும்ப விற்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகள் இன்டர்நெட்டில் வரும் படங்களைப் பார்த்து அப்படியே வரைகிறாள். அதைத் தன் பெயரில் இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். இரண்டு படத்துக்கு வாங்க ஆள் வந்திருக்கிறது. இது தப்பா?
– காட்பாடி

பதில்: பார்த்து வரைவது தப்பே இல்லை. ஓவியம் அப்படித்தான் கையில் ஏறும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகமே ஓவியர்களை உள்ளே ஈசல் (கேன்வாஸைத் தாங்கும் ஸ்டாண்ட்) போட்டு நகல் எடுக்க அனுமதிக்கிறது. நிபந்தனை உண்டு: நகல் மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. இந்த இரண்டையும் வீட்டிலும் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள்.

சொந்தப் பயிற்சிக்கு நகல் எடுப்பதை நம் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. பொதுவில் போடுவதும் விற்பதும் அந்தச் சலுகைக்குள் வராது. தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்வது சட்டத்துக்கு முன்பாகவே நாணயக் குறைவு. மூல ஓவியர் பெயரைப் போடுவது மரியாதை, ஆனால் அனுமதி ஆகிவிடாது. "கிரெடிட் கொடுத்துவிட்டேனே" என்று சொல்லி விற்க முடியாது. போட்டிக்கு அனுப்புவதும் கூடாது. பெரும்பாலான போட்டிகளில் சொந்தக் கற்பனை என்று கையெழுத்து வாங்குவார்கள்.

விற்கத்தான் ஆசை என்றால் உரிமைக் காலம் முடிந்தவற்றை எடுக்கட்டும். ரவி வர்மா 1906-லும், அம்ரிதா ஷெர்கில் 1941-லும் இறந்தவர்கள், தடையில்லை. ஜாமினி ராய் 1972-ல் இறந்தார், 2032 முடிய வேண்டும். எம்.எஃப். உசேன் 2011, 2071 வரை தொடக் கூடாது. நம் காலண்டர் சாமி படங்களின் கொண்டைய ராஜு 1976-ல் காலமானார், எனவே 2036 வரை. "சாமி படத்துக்கு என்ன உரிமை" என்பார்கள். முருகனுக்கு இல்லை, அந்த முருகனை அப்படி வரைந்த கைக்கு உண்டு. நெதர்லாந்தின் ரைக்ஸ் மியூசியம், நியூயார்க்கின் மெட் (மெட்ரோபாலிட்டன்) மியூசியம் இரண்டும் உரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. மெட் தளத்தில் "பப்ளிக் டொமைன்" என்று குறித்தவற்றை மட்டும் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு நகலின் பின்பக்கத்திலும் மூல ஓவியர் பெயர், படத்தின் பெயர், "நகல்: இன்னார்", தேதி, அளவு எழுதட்டும். பென்சில் போதும். பத்து வருடம் கழித்து அந்தப் படம் யார் கைக்குப் போனாலும் அந்த ஒரு வரி பேசும்.

கேள்வி: முப்பது சதவீதம் மாற்றி வரைந்தால் கேஸ் நிற்காது என்று டிராயிங் மாஸ்டர் சொல்கிறாரே?
– ஆரணி

பதில்: அப்படி ஒரு சதவீதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் வேறு: இரண்டையும் பார்த்த சாதாரண ஆள், பின்னது முன்னதைப் பார்த்து எடுத்தது என்று சந்தேகமில்லாமல் உணர்கிறாரா என்பதுதான் கேள்வி. புடவை நிறத்தை மாற்றினாலும், இடவலமாகத் திருப்பினாலும் அந்த உணர்வு போகாது. கருவை எடுக்கலாம். சன்னலோரம் ஒரு பெண் நிற்பது யாருக்கும் சொந்தமில்லை. அவள் நின்ற விதம், விழுந்த வெளிச்சம், படத்தை வெட்டிய கோணம் எல்லாம் சேர்ந்த அந்தப் படம் சொந்தம்.

கேள்வி: புது வீட்டுப் பூஜை அறைக்கு ரவி வர்மா லட்சுமியைப் பெரிதாக ஆயிலில் வரைந்து வாங்க நினைக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
– குடியாத்தம்

பதில்: உரிமைப் பிரச்சினை இல்லை. ஆனால் ஓவியர் எந்தப் படத்தைப் பார்த்து வரையப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். இன்டர்நெட்டில் "ரவி வர்மா" என்று வருவதில் பாதி, பிற்காலத்தில் வேறு ஆட்கள் மாற்றி வரைந்தவை. அவற்றுக்குத் தனி உரிமை இருக்கலாம், முகமும் வேறாக இருக்கும். மூலப் படத்தைப் பிரின்ட் எடுத்து இருவரும் அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், பிறகு "முகம் வரவில்லை" என்ற சண்டைக்கு ஓர் அடையாளம் இருக்கும்.

அட்வான்ஸ் மூன்றில் ஒரு பங்கு, அடிவண்ணம் முடிந்து நேரில் பார்த்த பின் ஒரு பங்கு, மீதி கையில் வாங்கும்போது. கையெழுத்து, வரைந்தவருடையதாக இருக்க வேண்டும். ரவி வர்மா கையெழுத்தையும் சேர்த்துப் போடச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு; ஒப்புக்கொள்கிற ஓவியரிடம் வேறு எதிலும் நம்பிக்கை வைக்க முடியாது. ஆயில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய ஒரு வாரமாவது ஆகும், உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். அதனால் கடைசி வார்னிஷ் ஆறு மாதம் கழித்து. கிரகப்பிரவேசத் தேதிக்காக அவசரப்பட்டு வார்னிஷ் அடித்தால் பின்னால் வெடிப்பு விடும். விளக்குக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், புகை படியும்.

கேள்வி: கல்யாண போட்டோவைக் கொடுத்து ஓவியமாக வரையச் சொன்னோம். போட்டோகிராபர் "படம் என்னுடையது, என்னைக் கேட்கணும்" என்கிறார்.
– ஆம்பூர்

பதில்: பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நீங்கள்தான். பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17. புக்கிங் பாரத்தில் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதே பிரிவுப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியமும் உங்களுடையது. ஓவியரின் பெயரை அழிக்கும் உரிமை மட்டும் கிடையாது.

கேள்வி: ஆற்காட்டில் பிரியாணி ஓட்டல் வைத்திருக்கிறேன். இருபதடிச் சுவருக்கு 60,000 கொடுத்துப் படம் வரைந்தோம். இப்போது வெளிமாநில ஓவியர் ஒருவர், அது தன் டிசைன் என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வரைந்த பையன் "நெட்டில் கிடைத்தது சார்" என்கிறான்.
– ஆற்காடு

பதில்: நோட்டீஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். மீறல் நகலை வியாபார இடத்தில் காட்டுவதும் மீறல்தான். இதுவரை தெரியாது என்று நிரூபித்தால் நஷ்டஈட்டிலிருந்து தப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சமாதானம் செல்லாது.

முதலில் சுவரை முழுதாகவும் பகுதி பகுதியாகவும் போட்டோ எடுங்கள். அப்புறம் நோட்டீஸ் அனுப்பியவரிடம் மூலக் கோப்பும் முதலில் வெளியிட்ட தேதியும் கேட்டு எழுதுங்கள். உண்மை என்றால் பேசித் தீர்ப்பதே லாபம்: இந்த ஒரு சுவருக்கு, இத்தனை வருடத்துக்கு, ஓரத்தில் அவர் பெயரோடு, இவ்வளவு தொகை. படியவில்லை என்றால் வெள்ளையடித்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் பையன் மேல் போக நினைத்தால், வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். பணத்துக்கு சிவில் வழக்குத்தான்.

அடுத்த முறை கொட்டேஷனிலேயே இரண்டு வரி சேருங்கள்: "இந்த ஓவியத்தின் மூலப் படம் ______. அதை வரைய உரிமை என்னிடம் உள்ளது. இல்லையென வந்தால் ஏற்படும் செலவு என்னுடையது." கோடிட்ட இடத்தை நிரப்பத் தயங்குபவரிடம் சுவரைக் கொடுக்காதீர்கள். யாரிடமும் கேட்க வேண்டாத டிசைனும் ஊரிலேயே இருக்கிறது. ஆற்காடு டெல்லி கேட், வேலூர்க் கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள் ஆகியவற்றை நேரில் பார்த்தோ, நீங்களே போட்டோ எடுத்தோ வரையச் சொல்லலாம். கட்டடங்களையும் பொது இடத்துச் சிற்பங்களையும் வரைவதற்குச் சட்டமே விலக்கு தருகிறது. பொதுச் சுவரில் இன்னொருவர் வரைந்த ஓவியத்துக்கு அந்த விலக்கு கிடையாது. கோட்டையை வேறொருவர் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தால் மறுபடி நோட்டீஸ் வரும், இம்முறை போட்டோகிராபரிடமிருந்து.