டி.என்.ஏ. சோதனையும் தங்கையின் கோபமும்

அன்புள்ள ஐயா,

நான் நியூஜெர்சியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன வருஷம் ஆசைக்காக, வம்சாவளியையும் சொந்தக்காரர்களையும் காட்டும் ஒரு டி.என்.ஏ. கிட் வாங்கி, எச்சிலைத் துப்பி அனுப்பினேன். முடிவு வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் ரசித்தார்கள், சித்தப்பா மகள் மட்டும் "எங்களையெல்லாம் கேட்காமல் நீ எப்படிக் கொடுக்கலாம்" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். என் எச்சில், என் உரிமை இல்லையா? பல வருஷம் பிடிபடாத கொலைகாரர்களை இப்படித்தானே பிடிக்கிறார்கள்? தப்பு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்? அடுத்து அப்பாவுக்கும் ஒரு கிட் வாங்க நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே,

உங்கள் தங்கை பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொலைகாரர்கள் பிடிபடுவது உண்மைதான். 1970, 80களில் கலிபோர்னியாவில் 13 கொலைகளும் ஏராளமான பாலியல் வன்கொடுமைகளும் செய்த ஜோசஃப் டி ஏஞ்சலோ, ஒரு முன்னாள் போலீஸ்காரர், 2018 ஏப்ரலில் பிடிபட்டது இந்த வழியில்தான். ஆனால் அவர் எந்த நிறுவனத்துக்கும் எச்சில் அனுப்பவில்லை. அனுப்பியவர்கள் அவரைக் கண்ணால்கூடப் பார்த்திராத தூரத்துச் சொந்தங்கள். குற்றம் நடந்த இடத்தில் எடுத்த மாதிரியைப் போலீஸ், டி.என்.ஏ. வைத்துச் சொந்தக்காரர்களைத் தேடும் வம்சாவளி இணையதளங்களில் ஏற்றி, பொருந்தியவர்களின் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக வரைந்து அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவரைப் பிடித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வழியில் போலீஸ் எந்தக் குடும்பத்துக்குள்ளும் நுழையலாமே!

ஐடஹோ ஃபால்ஸ் ஊரில் நடந்ததைக் கேளுங்கள், இதன் இரண்டு பக்கமும் ஒரே வழக்கில் இருக்கிறது. 1996இல் 18 வயதுப் பெண் ஒருத்தி தன் வீட்டில் கொல்லப்பட்டாள். ஒரு இளைஞரை நாள்கணக்கில் விசாரித்து ஒப்புதல் வாங்கி, அங்கே கிடைத்த டி.என்.ஏ. அவருடையது இல்லை என்று தெரிந்தும் சிறைக்கு அனுப்பினார்கள். டி.என்.ஏ. யாருடையது என்ற கேள்வி நின்றுகொண்டே இருந்தது. 2014இல் போலீஸ் ஒரு பழைய வம்சாவளித் தொகுப்பில் தேட, கிட்டத்தட்ட பொருந்தும் ஒருவர் கிடைத்தார். நீதிமன்ற உத்தரவோடு போய் பெயரை வாங்கினார்கள். பல வருஷம் முன்பு சர்ச் வழியாக நடந்த ஆய்வுக்கு நல்ல மனதோடு மாதிரி கொடுத்திருந்த பெரியவர் அவர். அவருடைய வயது ஒத்துவரவில்லை, சரி, மகனைப் பார்ப்போம் என்று நியூ ஆர்லியன்ஸில் இருந்த மகன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் படம் எடுப்பவர், கொலைக் கதைகளைப் படமாக்கியவர் என்பதே சந்தேகத்தைக் கூட்டிவிட்டது. மாதிரி எடுத்துக்கொண்டு போய், அவர் இல்லை என்று சொல்ல ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் அவர் எப்படித் தூங்கியிருப்பார்? அப்பா எப்போதோ போட்ட கையெழுத்து, மகன் கொலை வழக்கில் சந்தேக நபர். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, கே.

அப்புறம் 2019இல் இதே நுட்பம், இன்னும் துல்லியமாக, உண்மையான கொலையாளியைக் காட்டியது. அவர் அந்தப் பெண்ணின் எதிர் வீட்டில் குடியிருந்தவர். 20 வருஷம் சிறையில் கழித்த அந்த இளைஞர், அதற்குள் நடுவயதைத் தொட்டவர், அதன் பிறகுதான் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். அதனால்தான் இந்த நுட்பமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. கடுமையான குற்றங்களுக்கு மட்டும், நீதிபதியின் அனுமதியோடு மட்டும் என்று மேரிலாந்து மாநிலம் 2021இல் சட்டம் போட்டதே, அந்த மாதிரி வேலி வேண்டும் என்கிறேன். இந்தியாவில் டி.என்.ஏ. பயன்பாட்டை ஒழுங்குபடுத்த 2019இல் கொண்டுவந்த மசோதாவை 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

போலீஸை விடுங்கள். 2023இல் இப்படி டி.என்.ஏ. கிட் விற்கும் ட்வென்டித்ரீ அண்ட் மீ நிறுவனத்தில் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான், வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களை வைத்து. ஆனால் சொந்தக்காரர்களைக் காட்டும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரம் போனது. யூத வம்சாவளியினர், சீன வம்சாவளியினர் என்று பட்டியல் போட்டு விற்கப் பார்த்தார்கள். இன்னார் இன்ன இனம் என்ற பட்டியலை யார் எதற்கு வாங்குவார்கள் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவாலானபோது வாடிக்கையாளர்களின் தகவலும் விற்பனைக்குரிய சொத்தாகத்தான் மேசைக்கு வந்தது.

நீங்கள் கையெழுத்துப் போட்டது ஒரு ஆளாக. உங்கள் தங்கையின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு உங்களுடையதோடு ஒன்றுதான். நம் குடும்பங்களில் அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்திலேயே கட்டி வந்திருப்பதால் இது இன்னும் கூடலாம், தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தம் போலத் தெரியலாம். சட்டமோ அந்த ஒரு கையெழுத்தைத்தான் கேட்கிறது, அவளைக் கேட்பதில்லை. அவள் கேட்டது அதைத்தான். நாளைக்கு அவளுக்கோ அவள் பிள்ளைக்கோ பரம்பரை நோய்க்கான கூறு இருக்கலாம் என்று உங்கள் அறிக்கையைப் பார்த்து யாராவது ஊகித்தால்? வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அமெரிக்காவில் 2008ஆம் வருஷச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தச் சட்டம் வராது.

அப்பாவுக்கு வாங்குவதற்கு முன்னால் அவரிடமும் சித்தப்பாவிடமும் இதையெல்லாம் விளக்கிக் கேளுங்கள், ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள். உங்கள் கணக்கில் சொந்தக்காரர்களைத் தேடும் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். முழுவதும் நீக்க நினைத்தால், தகவலை அழிக்கவும் எச்சில் மாதிரியை அழிக்கவும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆராய்ச்சிக்குச் சம்மதம் கொடுத்திருந்தால் அதையும் திரும்பப் பெறுங்கள், ஏற்கெனவே முடிந்த ஆராய்ச்சிக்குள் போனது மட்டும் திரும்பி வராது.

அன்புடன்.