டெத் வேலியில் நான்கு நாட்கள்: இடப் பட்டியலை ஒதுக்கிவிட்டு உயரத்தையும் நேரத்தையும் பாருங்கள்

கேள்வி: மே மாதக் கடைசியில் நாங்கள் மூவர் லாஸ் வேகாஸில் எஸ்.யூ.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கலிபோர்னியாவின் பாலைவனப் பகுதியான டெத் வேலி தேசியப் பூங்காவில் நான்கு நாட்கள் சுற்ற எண்ணியுள்ளோம். நடைப்பயணம், ரேஸ்டிராக் எனும் வறண்ட ஏரிப்படுகை வரையிலான கரடுமுரடான பாதை இரண்டும் வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

பதில்: முடியுமானால் பயணத்தை நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலத்துக்குத் தள்ளி வையுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. 1913 ஜூலை 10 அன்று 56.7 பாகை செல்சியஸ் பதிவான, பூங்காவின் தாழ்நிலப் பகுதியான ஃபர்னஸ் கிரீக்கில், மே மாதக் கடைசியிலேயே பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். விடுப்பை மாற்ற இயலாதென்றால், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த உயரத்தில் எந்த நேரத்தில் இருக்கப்போகிறீர்கள் என்பதைக் கொண்டு ஒவ்வொரு நாளையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் பேட்வாட்டர் உப்புப் படுகையும் 3,366 மீட்டர் உயர்ந்த டெலஸ்கோப் சிகரமும் ஒரே பூங்காவில் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பதால், அடிவாரம் கொதிக்கும் நாளில் மேலே இதமாக நடக்கலாம். ஆகவே மெஸ்கீட் மணல்மேடுகளையும் கோல்டன் கேன்யானையும் விடியற்காலையிலேயே தொடங்கி, காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். கோடையில் தாழ்நிலங்களில் அந்த நேரத்துக்குப் பிறகு நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. நீண்ட நடைக்கு வைல்ட்ரோஸ் சிகரத்தைப் பரிந்துரைப்பேன். பழைய கரிச் சூளைகளின் அருகே தொடங்கும் அந்தப் பாதை, போக வர 13 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

கரடுமுரடான பாதை என்பதில் ஒரு தெளிவு தேவை. குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகி வண்டி ஓட்டுவது இந்தப் பூங்காவில் சட்டப்படி குற்றம். உப்புப் படுகையிலும் வண்டல் தரையிலும் பதியும் டயர்த் தடம் பல ஆண்டுகள் அழியாது. அனுமதிக்கப்பட்ட மண் சாலைகளே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருப்பதால் இதில் உங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள்: தார்ச் சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாது என்ற விதி பெரும்பாலானவற்றில் உண்டு.

ரேஸ்டிராக் சாலை யூபஹீபி எரிமலை வாயிலிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அலை அலையாக வரி விழுந்த அந்தச் சரளைப் பாதையில் கூரிய கற்கள் டயரைக் கிழிப்பது அன்றாட நிகழ்வு. நகர ஓட்டத்துக்கான டயரோடும் சிறு ஸ்டெப்னியோடும் வரும் சாதாரண எஸ்.யூ.வி.யில் அங்கே போகாதீர்கள். தரையிலிருந்து உயரமான, கனத்த டயர்களும் முழு அளவு ஸ்டெப்னியும் கொண்ட ஜீப்பை அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனியே எடுத்துக்கொள்வது, இழுவை வண்டிக்குக் கொடுக்க நேரும் தொகையோடு ஒப்பிட்டால் மலிவு. டயர்களில் காற்றைக் கால் பங்கு குறைத்தால் அதிர்வு தணியும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்பக் கையோடு ஒரு பம்பு வேண்டும். தானே நகரும் பாறைகளைக் காணத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். குளிர்காலத்தில் தேங்கும் நீரில் உறையும் மெல்லிய பனித்தகடுகளைக் காற்று தள்ள, அவை பாறைகளையும் நகர்த்துகின்றன என்பது 2014இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. ஈரமாக இருக்கும்போது அந்தத் தரையில் கால் வைக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லப்படும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்பது குறைந்தபட்ச அளவு. நடக்கும் நாளுக்கு 6 லிட்டராவது கணக்கிட்டு, அதற்கு மேல் வண்டியில் 20 லிட்டர் தொடாமல் இருக்கட்டும். ஒரே பெரிய கேனில் வைத்தால் அது விரிசல் விட்டதும் எல்லாம் போய்விடும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறையும். உப்பிட்ட தின்பண்டங்களையும் இடையிடையே உண்ணுங்கள்.

சாலை நிலவரத்தைப் புறப்படும் நாள் காலையில் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயலின் எச்சம் ஒரே நாளில் 5 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியதில் பூங்கா முழுவதும் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிக் கிடந்தது.

பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுங்கள். வண்டி பழுதானால் அதை விட்டு அகலாதீர்கள். 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நால்வரின் வாடகை வேன், ஆன்வில் கேன்யானில் டயர்கள் கிழிந்த நிலையில் அக்டோபரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வேனிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி அவர்களின் எலும்புகள் கிடைத்தது 2009இல். வானிலிருந்து தேடுவோர் கண்ணுக்கு மனிதரைவிட வண்டி எளிதில் படும். அதன் நிழலும் உங்களுக்கு உதவும். ஒவ்வொரு நாளும் செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஊரிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் அவர் பூங்கா அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.